தனியாக இருக்கும் அம்மாவுக்கு எது பொருந்தும்: சொந்த வீடா, பிள்ளைகள் வீடா, மூத்தோர் குடியிருப்பா?

அப்பா போன பிறகு அம்மா தனியாக இருக்கிறார். கொஞ்ச காலம் எல்லாம் சரியாகத்தான் போகிறது. பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகிறது. செவ்வாய்க்கிழமை மாத்திரை வியாழனன்றும் டப்பாவிலேயே கிடக்கிறது. கட்டி முடித்த பில்லுக்கு மறுபடியும் பணம் கட்டியிருக்கிறார். முழங்கையில் ரத்தம் கட்டிய தடம். எப்படி வந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். பிள்ளைகள் கூடிப் பேசுகிறார்கள். "அம்மா என்னோடு வந்துவிடட்டும்" என்கிறார் ஒருவர். "ஆள் வைத்துவிடலாம்" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் தயங்கித் தயங்கி, ஒரு நல்ல இல்லம் இருக்கிறதாம் என்கிறார்.

மூவரும் பேசுவது இடத்தைப் பற்றி. முதலில் பேச வேண்டியது நேரத்தைப் பற்றி என்பது என் உறுதியான எண்ணம். நாளின் எந்த நேரத்தில், எந்தக் காரியத்துக்கு அவருக்குத் துணை வேண்டும்? இதற்குத் தெளிவான பதில் கிடைத்துவிட்டால், எந்த இடம் பொருந்தும், எது பொருந்தாது என்பதில் பாதிக்கு மேல் தெரிந்துவிடும். பதில் இல்லாமல் எடுக்கும் முடிவு, பிள்ளைகளின் கவலைக்கு மருந்தாகலாம். அம்மாவின் தேவைக்கு ஆகாது.

எது முடிகிறது, எது முடியவில்லை

முதியோர் மருத்துவத்தில் இதைப் பார்க்க இரண்டு எளிய பட்டியல்கள் உண்டு. 1963-இல் சிட்னி காட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட பட்டியலில் ஆறு காரியங்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடிவது, தானே சாப்பிடுவது. 1969-இல் பவல் லாட்டனும் எலைன் பிராடியும் வெளியிட்டதில் எட்டு: தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மருந்து, பணக் கணக்கு.

பெரும்பாலும் முதலில் கைநழுவுவது இந்த எட்டில் ஏதாவது ஒன்றுதான். இவற்றில் பலவற்றை வாரத்துக்குச் சில மணி நேர உதவியால் ஈடுகட்டிவிடலாம். முதல் பட்டியலின் ஆறில் தளர்ச்சி கைவைக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது, அதிலும் வரிசை முக்கியம். வழக்கமாக முதலில் போவது குளியல். குளியலுக்கு நேரம் குறித்துக்கொள்ளலாம். காலையில் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் இருந்தால் போதும். கழிப்பறைக்கு நேரம் குறிக்க முடியாது. அதற்குத் துணை வேண்டும் என்றால், எந்நேரமும் கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும். தனியாக வாழ்வது சாத்தியமா இல்லையா என்ற எல்லைக்கோடு, வயதிலோ நோயின் பெயரிலோ இல்லை. பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கணவரை இழந்தவர் விஷயத்தில் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்கள் வேலைகளைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள். வங்கி, வரி, பழுது பார்ப்பது எல்லாம் அப்பா பார்த்தார் என்றால், இப்போது அம்மா திணறுவது தளர்ச்சியாக இல்லாமலும் இருக்கலாம். கற்றுக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார். இதற்கு நேர் எதிரானதும் நடக்கிறது. அம்மாவின் மறதியை அப்பா ஆண்டுக்கணக்கில் தாங்கிப் பிடித்திருப்பார். பெயரை எடுத்துக்கொடுத்து, அடுப்பை அணைத்து, மாத்திரையைக் கையில் கொடுத்து. அவர் போன மறுமாதமே அம்மா திடீரென்று சரிந்துவிட்டதுபோலத் தெரியும். உண்மையில் சரிவு பழையது, மறைத்திருந்த கை இப்போது இல்லை. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் இடத்தைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது.

வீட்டை மாற்றுமுன் மருத்துவரைப் பாருங்கள்

முதுமையின் தளர்ச்சி என்று எண்ணி விட்டுவிடுவதில் கணிசமான பங்கு, சரிசெய்யக்கூடியது. ஒரே வாரத்தில் அம்மா குழம்பிப் பேச ஆரம்பித்தால், அது மறதி நோயைவிட ஏதோ ஒரு தொற்றாகவோ, உடலில் நீர் குறைந்ததாகவோ, புதிதாகச் சேர்த்த மாத்திரையின் விளைவாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வரும். வைட்டமின் பி12 குறைவும் தைராய்டுக் குறைவும் மூளையை மந்தமாக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். துக்கம் ஆழ்ந்த மனச்சோர்வாக மாறியிருந்தால், மறதியைப் போலவே தோற்றம் காட்டும். காது கேட்காதவர் கேள்விக்குப் பொருந்தாத பதில் சொல்வார். அதைப் பார்த்துப் புத்தி தடுமாறிவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப்போங்கள். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை 1991-இல் மார்க் பியர்ஸ் தொகுத்தார்; அது இன்றும் அவர் பெயரில் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. சில வகைத் தூக்க மாத்திரைகளும், தூக்கம் வரவழைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளும் அதில் உண்டு. இவை விழவும் வைக்கும், குழப்பவும் செய்யும். ரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையில் பார்த்துவிட்டு, எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அவர் எழும்போது தலை சுற்றி விழும் ஆபத்து இருக்கிறது என்று பொருள். மருந்தின் அளவை மாற்றியே பல சமயம் இதைச் சரிசெய்ய முடியும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். எடையையும் கவனியுங்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், முயலாமலேயே எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 60 கிலோ உள்ளவர் 57-க்கு இறங்கினால், காரணம் தேட வேண்டும். தனி ஆளுக்காகச் சமைக்கப் பிடிக்காமல் சாப்பாட்டையே விட்டுவிடுவது அந்தக் காரணங்களில் ஒன்று.

மருத்துவமனையில் இருக்கும்போது நிரந்தர முடிவு எதுவும் எடுக்காதீர்கள். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டு ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயோடு படுத்தவருக்கு நிலைமை இன்னும் மோசமாகவே இருக்கும். மருத்துவமனையில் வரும் மனக்குழப்பம் முழுதாகத் தெளியச் சிலருக்கு வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. வீடு திரும்பும் நாளில் அவர் இருக்கும் நிலை, அவருடைய நிலையான நிலை அல்ல. சில வாரங்களுக்குத் தற்காலிக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பிள்ளை வீட்டிலோ, குறுகிய காலம் தங்கும் இல்லத்திலோ. வீட்டை விற்பது, சாமான்களைப் பிரிப்பது போன்ற திரும்பப் பெற முடியாத காரியங்களை அப்போது தொடவே வேண்டாம். கணவர் இறந்த முதல் சில மாதங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சொந்த வீட்டிலேயே, துணையோடு

உடல் தளர்ந்து, மனம் தெளிவாக இருப்பவர்களுக்கு நான் முதலில் எடைபோடுவது இதைத்தான். பழகிய வீட்டில் இருட்டிலும் கை சுவிட்சைத் தேடிப்போகும். எந்தப் படி உயரம் என்பது காலுக்குத் தெரியும். அக்கம்பக்கத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் பணம் கொடுத்து வேறெங்கும் வாங்க முடியாது.

ஆனால் வீடு இப்போதிருக்கும்படியே போதாது. குளியலறையிலும் கழிப்பறைப் பக்கத்திலும் சுவரில் உறுதியாகப் பதித்த கைப்பிடி, வழுக்காத தரை, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுவதும் எரியும் மங்கலான விளக்கு, சுருளும் தரைவிரிப்புகளை அகற்றுவது, படுக்கையைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவருவது — இவை செலவில் சிறியவை, பலனில் பெரியவை. துண்டு தொங்கவிடும் கம்பி கைப்பிடி ஆகாது. ஆள் பாரத்தை அது தாங்காது, பிடித்தால் கையோடு வந்துவிடும். சக்கர நாற்காலி வரும் நாளை எண்ணிக் கதவின் அகலம் 80 சென்டிமீட்டராவது இருக்கிறதா என்றும், வாசலில் சாய்தளம் போட இடம் இருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துவையுங்கள். சாய்தளம் ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் கேட்கும். பல வீடுகளில் அதற்கு இடமே இருக்காது.

கழுத்தில் மாட்டும் அவசர பொத்தான், கைக்கடிகாரம், உணரிகள் எல்லாம் உதவும். ஆனால் அவற்றை வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. கேம்பிரிட்ஜில் 90 வயதைக் கடந்தவர்களை ஓராண்டு பின்தொடர்ந்து 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அதில் பத்தில் ஆறு பேர் அந்த ஆண்டில் விழுந்திருந்தார்கள். விழுந்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஒருமுறையாவது தாமாக எழ முடியாமல் கிடந்தார்கள். பத்தில் மூவர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்தார்கள். அழைப்புக் கருவி பலரிடம் இருந்தது. நெடுநேரம் தரையில் கிடந்த பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அது பயன்படுத்தப்படவில்லை. பொத்தானைக் கழற்றி மேசைமேல் வைத்திருப்பார்கள். அல்லது யாருக்கும் தொந்தரவு வேண்டாம், தானே எழுந்துவிடலாம் என்று நினைத்திருப்பார்கள். நீண்ட நேரம் தரையில் கிடப்பது தனியான ஆபத்து: தசைகள் நசுங்கிச் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும், உடல் சில்லிட்டுப்போகும், நீர் வற்றும்.

அதனால் அவர் ஏதும் செய்யாமலே செய்தி வரும் ஏற்பாடு நல்லது. ஜப்பானின் சோஜிருஷி நிறுவனம் 2001-லேயே இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. வீட்டில் அன்றாடம் வெந்நீர் எடுக்கும் மின்கெண்டி, எப்போது பயன்படுத்தப்பட்டது என்பதைத் தொலைவில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிவிக்கும். கேமராவின் கண் இல்லை, பொத்தானை அழுத்தும் கட்டாயம் இல்லை. அம்மா படுக்கையறையில் கேமரா வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் இந்த வகையைத் தேடிப் பார்க்கலாம். கேமராதான் வேண்டும் என்றால் அவரிடம் கேட்டு, அவர் ஒப்பிய இடத்தில் மட்டும் வையுங்கள். தன் வீட்டில் தான் கண்காணிக்கப்படுகிறோம் என்று உணரும் பெண்மணிக்கு அது தன் வீடாக இருப்பதில்லை.

அடுத்தது ஆள். பகலில் சில மணி நேரம் வந்துபோகும் உதவியாளர், தங்கி இருக்கும் உதவியாளர் என்று இரண்டு வழிகள். இங்கே கணக்கைக் கூச்சமில்லாமல் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் நாளைக்கு 8 மணி நேரமாக ஆறு நாள் உழைத்தால் 48 மணி நேரம். இரவும் பகலும் விழித்திருந்து கவனிக்க ஆள் வேண்டும் என்றால் குறைந்தது நான்கு பேர் வேண்டும். தங்கியிருக்கும் ஒரே ஒருவரை வைத்து இதைச் சமாளிக்கலாம் என்று நினைப்பது அந்த உதவியாளருக்குச் செய்யும் அநியாயம். இரவில் அம்மா மூன்று முறை எழுப்பினால் சில வாரங்களில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார், போவதில் நியாயமும் இருக்கும். இரவில் அம்மா தூங்குகிறார், ஒருமுறை மட்டும் எழுகிறார் என்றால் தங்கும் உதவியாளர் நன்றாகவே பொருந்துவார். அவருக்கும் தனி அறையும் வார விடுப்பும் இருக்க வேண்டும், விடுப்பு நாளில் யார் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும்.

உதவியாளரை நியமிப்பதில் பிள்ளைகள் கவனிக்கத் தவறும் ஒரு நன்மையும் உண்டு. குளிப்பாட்டுவது, உள்ளாடை மாற்றுவது போன்றவற்றைத் தன் மகனிடமிருந்தோ மருமகளிடமிருந்தோ பெறுவதைவிட, தொழிலாகச் செய்யும் ஒரு பெண்ணிடமிருந்து பெறுவதைப் பல தாய்மார்கள் விரும்புகிறார்கள். பிள்ளைகள் முன்னால் அம்மாவாகவே இருக்க வேண்டும் என்ற ஆசை அது. கேட்டுப் பாருங்கள்.

இந்த வழி எங்கே உடைகிறது? இரவுகளில். இரவில் எழுந்து அலைவது, படுக்கையிலிருந்து தானாக எழ முடியாதது, ஒருவரால் தூக்க முடியாத நிலை — இவை வந்துவிட்டால் வீட்டில் செய்ய முடியாது என்பதில்லை. நான்கு பேர் வேண்டும், அந்த நான்கு பேரை மேற்பார்வையிட ஐந்தாவதாக ஒரு பிள்ளை வேண்டும். தொலைவிலிருந்து தொலைபேசி வழியாக அந்த மேற்பார்வையைச் செய்ய முடியாது.

பிள்ளை வீட்டுக்கு வருவது

அன்பினால் உடனே வாயில் வரும் பதில் இது. பல குடும்பங்களில் சரியான பதிலும் இதுதான். ஆனால் அழைக்குமுன் பகல் நேரத்தைப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுகிறார்கள் என்றால், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அம்மா அங்கும் தனியாகத்தான் இருக்கப் போகிறார்; இந்த முறை தெரியாத ஊரில், தெரியாத தெருவில், சாவி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல். சொந்த வீட்டில் தனியாக இருந்தவர் குறைந்தபட்சம் தபால்காரரிடமாவது பேசினார். இப்படி இடம் மாறியவர் மாலையில் பிள்ளைகள் வரும் வழியைப் பார்த்தே நாளைக் கழிப்பார். பகலில் ஆள் வைக்கத்தான் வேண்டும் என்றால், அதே ஆளை அவர் வீட்டிலேயே வைத்திருக்கலாமே என்ற கேள்வியும் எழும்.

இரண்டாவது, வேலை யார் தலையில் விழும் என்பது. "நாம் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்வது ஒருவராக இருக்கும். பார்த்துக்கொள்வது வேறொருவராக இருக்கும். பெரும்பாலும் அது அந்த வீட்டின் ஒரு பெண். அவரை முதலில் கேட்க வேண்டும், தனியாகக் கேட்க வேண்டும், மறுத்துச் சொல்லும் உரிமையோடு கேட்க வேண்டும். அவர் வேலையை விட வேண்டியிருந்தால், இழக்கும் சம்பளமும் ஓய்வூதியமும் குடும்பம் முழுவதும் பகிர வேண்டிய செலவு. மற்ற உடன்பிறப்புகள் பணமாகவோ, மாதத்தில் சில நாட்கள் வந்து தங்கியோ பங்கைத் தர வேண்டும். இது எழுதி வைக்க வேண்டிய விஷயம். எழுதி வைக்காத குடும்பங்களில் அம்மா இருக்கும்போதே பேச்சு நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, அம்மாவின் இடம். அந்த வீட்டில் அவருக்குக் கதவு மூடிக்கொள்ளும் அறை உண்டா? கழிப்பறை அதே தளத்தில் உண்டா? அவர் சமைக்கலாமா? அவரைப் பார்க்க வருகிறவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் வரலாமா? ஐம்பது ஆண்டு ஒரு வீட்டை நடத்தியவர், இன்னொருவர் நடத்தும் வீட்டில் விருந்தாளியாக ஆகிவிட்டால், உடம்புக்குப் பாதுகாப்பு கிடைத்தும் மனம் ஒடுங்கிப்போகும். அவருக்கென்று உண்மையான ஒரு வேலை, அவருடைய கையிலேயே அவருடைய பணம், இவை இரண்டும் இருந்தால் இந்த ஏற்பாடு பெரும்பாலும் நிலைக்கிறது. பகலில் ஒருவர் வீட்டில் இருக்கிறார், அம்மாவுக்கும் அவருக்கும் முன்பே நல்லுறவு, அறையும் கழிப்பறையும் ஒரே தளத்தில் — இந்த மூன்றும் பொருந்தினால் யோசிக்காமல் அழைத்துவரலாம்.

மாதம் ஒரு பிள்ளை வீடு என்று சுற்றுவதைப் பற்றி: மனம் தெளிவாக இருந்து, அவரே விரும்பினால் சரி. மறதி தொடங்கியவருக்கு வேண்டவே வேண்டாம். புது வீட்டில் கழிப்பறை எங்கே என்று கற்றுக்கொள்வதற்குள் அடுத்த வீட்டுக்குக் கிளம்ப வேண்டியிருக்கும்.

மூத்தோர் குடியிருப்பும் பராமரிப்பு இல்லமும்

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மூத்தோர் குடியிருப்பு என்பது தானாக நடமாடுகிறவர்களுக்கானது: தனி வீடு, பொதுச் சமையல், அவசரத்துக்கு மணி, பேச வயதொத்தவர்கள். பராமரிப்பு இல்லம் என்பது முதல் பட்டியலின் ஆறு காரியங்களில் பலவற்றுக்கும் கை வேண்டியவர்களுக்கானது: இரவும் பகலும் செவிலியரோ பயிற்சி பெற்றவர்களோ இருப்பது. அம்மாவின் உண்மையான துன்பம் தனிமையும் பயமும்தான், உடம்பு பெரிதாகத் தளரவில்லை என்றால், பகலெல்லாம் காலியாக இருக்கும் பிள்ளை வீட்டைவிட முதல் வகைக் குடியிருப்பு மேலானது என்று நினைக்கிறேன். இதைச் சொன்னால் சிலருக்கு மனம் புண்படும். ஆனாலும் அவருடைய நாளில் எத்தனை மணி நேரம் மனிதக் குரல் கேட்கிறது என்று எண்ணிப் பார்த்தால் இந்த முடிவுக்குத்தான் வர முடிகிறது.

குடியிருப்பில் சேருமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நடக்க முடியாமல் போனால் இங்கேயே வைத்துக்கொள்வீர்களா, வெளியேறச் சொல்வீர்களா? பல இடங்களில் ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் இதற்கான பதில் இருக்கும், விளம்பரத்தில் இருக்காது. முன்பணம் எந்த நிபந்தனையில் திரும்பக் கிடைக்கும், ஆண்டுதோறும் கட்டணம் எப்படி உயரும், இரவில் எத்தனை பேருக்கு ஓர் ஊழியர் என்பவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

பராமரிப்பு இல்லத்தைப் பார்க்க, முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். விடுமுறை நாள் மாலையில் போங்கள், ஊழியர்கள் குறைவாக இருக்கும் நேரம் அது. அழைப்பு மணி அடித்து எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று கவனியுங்கள். அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்டுகிறார்களா, பெயர் சொல்லி மரியாதையாகக் கூப்பிடுகிறார்களா, மூத்திர வாடை வருகிறதா, பொதுக்கூடத்தில் தொலைக்காட்சி முன்னால் வரிசையாக உட்காரவைக்கப்பட்டுத் தூங்குகிறார்களா என்று பாருங்கள். ஊழியர்களிடம் எத்தனை ஆண்டாக இங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இல்லத்தில், அம்மாவுக்கு எந்தப் பக்கம் வலிக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

1976-இல் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்காவின் ஓர் இல்லத்தில் செய்த ஆய்வு இங்கே பொருத்தமானது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம் அறையை எப்படி வைத்துக்கொள்வது, நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, ஆளுக்கு ஒரு செடியைத் தேர்ந்தெடுத்துத் தாங்களே வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு தளத்திலும் செடி கொடுத்தார்கள். ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். சில வாரங்களில் முதல் குழுவினர் அதிக உற்சாகமாகவும் விழிப்பாகவும் இருந்தது பதிவானது. இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே அம்மா எதையெல்லாம் தானே முடிவு செய்யலாம் என்று கேளுங்கள். எழும் நேரம், குளிக்கும் நேரம், உடுக்கும் உடை. எல்லாவற்றுக்கும் இல்லத்தின் நேரம்தான் என்றால் வேறு இடம் பாருங்கள்.

மறதி நோய் இருந்தால்

மேலே சொன்ன வரிசை இங்கே மாறுகிறது. உடல் தளர்ந்தவருக்குக் கடைசி வரை காத்திருந்து மாற்றலாம். மறதி நோய் உறுதியானவருக்கு, இடம் மாறித்தான் ஆக வேண்டும் என்றால் சீக்கிரமாக மாற்றுவதே நல்லது. புதிய இடத்தைக் கற்றுக்கொள்ளும் திறன் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்போது, புது முகங்கள் பழகும்போது, "நான் இங்கே வந்திருக்கிறேன்" என்று புரியும்போது. ஒரே ஒருமுறை மாற்றுங்கள். இப்போது பிள்ளை வீடு, அடுத்த ஆண்டு குடியிருப்பு, பிறகு பராமரிப்பு இல்லம் என்று மூன்று முறை வேரைப் பிடுங்காமல், கடைசி வரை வைத்துக்கொள்ளக்கூடிய இடத்தை முதலிலேயே தேடுங்கள். நெதர்லாந்தில் 2009-இல் திறக்கப்பட்ட ஹோகவெய்க் என்ற குடியிருப்பு, மறதி நோயாளிகளுக்கென்றே ஒரு சிறு ஊர்போல அமைந்தது. கடை, தெரு, தோட்டம் எல்லாம் உள்ளேயே. அவர்கள் சுதந்திரமாக நடக்கலாம், வழி தவறிப் போய்விட முடியாது. அத்தகைய இடம் எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் அதன் கொள்கையைத் தேர்வில் அளவுகோலாக வைக்கலாம்: பூட்டி வைக்கிறார்களா, நடக்க விடுகிறார்களா?

வீட்டில் இனித் தனியாக வைத்திருக்க முடியாது என்பதற்கு நான் எடுத்துக்கொள்ளும் அறிகுறிகள்: அடுப்பை மறப்பது ஒருமுறையல்ல, தொடர்வது, வெளியே போய் வழி தெரியாமல் நிற்பது, தொலைபேசியில் யாரோ கேட்டதும் பணம் அனுப்பிவிடுவது, மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொள்வது. முழு நேர ஆள் இருந்தால் இவற்றில் பலவற்றைச் சமாளிக்கலாம். ஆள் இல்லாமல் இதில் ஒன்றைக்கூடச் சமாளிக்க முடியாது.

அவர் என்ன சொல்கிறார்

இவ்வளவையும் பிள்ளைகள் கூடிப் பேசி முடித்துவிட்டு அம்மாவிடம் அறிவிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. மனம் தெளிவாக உள்ள ஒருவர், ஆபத்து தெரிந்தும் தன் வீட்டில் இருக்கிறேன் என்றால், அது அவருடைய உரிமை. இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவரோ அதற்கு மேலோ ஓராண்டுக்குள் இறந்துவிடுவதைப் பல நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. அதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சொன்ன பிறகும் அவர் முடிவு அதுவே என்றால், அந்த முடிவுக்குள் ஆபத்தைக் குறைப்பதுதான் பிள்ளைகளின் வேலை. "பாதுகாப்பு வேண்டுமா" என்று கேட்காதீர்கள், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். எதை இழக்க முடியாது என்று கேளுங்கள். ஒருவர் சமையலறையைச் சொல்வார். ஒருவர் இரவில் தனியாகக் கிடந்து சாகக் கூடாது என்பார். பதில்கள் வேறு, போக வேண்டிய வழிகளும் வேறு.

எந்த வழியானாலும் ஒரு மாதம் பழகிப் பார்க்கலாம், மறதி நோய் இல்லாதவராக இருந்தால். பண்டிகையும் விடுமுறையும் இல்லாத சாதாரண மாதமாக இருக்கட்டும். அந்த மாதம் அவருடைய வீடு பூட்டியே இருக்கட்டும், வாடகைக்கு விட வேண்டாம். திரும்பிப் போகும் வழி உண்டு என்று தெரிந்தால்தான் அவரால் மனம் திறந்து முயல முடியும்.

அவர் தெளிவாக இருக்கும்போதே ஆவணங்களையும் முடித்துவிடுங்கள். பல நாடுகளில், சாதாரணமாக எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம், எழுதியவர் மனத்தெளிவை இழந்ததும் செல்லாமல் போய்விடும். மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது உதவாது. தெளிவு போன பிறகும் நிலைக்கும் வகைப் பத்திரம் உங்கள் நாட்டுச் சட்டத்தில் உண்டா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். அப்பாவின் பெயரில் நின்றுபோன கணக்குகள், குடும்ப ஓய்வூதியம், வீட்டுப் பத்திரம், எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று அவர் எழுதி வைப்பது ஆகியவையும் இதே வரிசையில் வரும்.

எடுத்த முடிவோடு, அதை எப்போது மறுபடி பேசுவது என்பதையும் சேர்த்தே அவரோடு முடிவு செய்யுங்கள். ஒருமுறை விழுந்து தானாக எழ முடியாமல் போனால், மருத்துவமனையில் படுத்தால், இரவுகளில் துணை தேவைப்பட்டால், உதவியாளர் விலகினால், கவனித்துக்கொள்ளும் பிள்ளையின் உடம்பு கெட்டால். இந்த ஐந்தில் எது நடந்தாலும் அந்த வாரத்திலேயே எல்லோரும் உட்கார வேண்டும், அம்மாவும் உட்பட. யார் யாரை அழைப்பது என்பதைத் தாளில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.